மாட்டுக்கு வைத்த மத்தியானச் சோறு

நீரிழிவு கிளினிக்கில் நீங்கள் தாதியாக வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலேயே அந்தக் கேள்வி வந்துவிடும். மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு எழும்பிய ஆள் கதவடியில் திரும்பி நிற்பார். ஏதோ மறந்துபோனதைக் கேட்பதுபோலக் கேட்பார்: "அப்ப மிஸ்ஸி, சோறு சாப்பிடலாமோ?"

அவர் அதை மறக்கவேயில்லை. வீட்டிலிருந்து வெளிக்கிட்ட நேரந்தொட்டு அதைத்தான் மனதுக்குள் வைத்திருந்திருப்பார். முறைக்காக வாங்கில் குந்தியிருந்த நேரமெல்லாம் பக்கத்தில் இருந்தவரிடமும் அதைத்தான் கேட்டிருப்பார். ஓம் என்றோ கூடாது என்றோ சொல்லிவிட்டு நீங்கள் அடுத்த ஆளைக் கூப்பிடலாம். வரிசை வாசலைத் தாண்டிப் போயிருக்கிற நாளில் அப்படிச் செய்யத்தான் மனம் வரும். அப்படியான நாளில் எனக்கு முரசுமோட்டை நாகராசா அண்ணையின் நினைவு வரும். வாய்வரை வந்த பதிலை விழுங்கிவிட்டு, "இருங்கோ, கதைப்பம்" என்று கதிரையைக் காட்டுவேன். ஏன் என்று சொல்லுகிறேன்.

அது 2003ஆம் ஆண்டு. சண்டை நின்று, சனம் தங்கள் தங்கள் காணிகளுக்குத் திரும்பியிருந்த காலம். நான் அப்போது கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தேன். ஒரு டொக்டர், இரண்டு தாதிமார், ஒரு வார்ட். கிழமையில் ஒரு நாள் நீரிழிவு கிளினிக். ஊர் முழுக்க வீடுகளுக்குக் கூரை ஏறிக்கொண்டிருந்தது. வயல்களில் பற்றை வெட்டி எரித்த புகை. கண்ணிவெடி எடுத்து முடிந்தது என்று சொன்ன துண்டுகளில் மட்டும் உழவு.

நாகராசா அண்ணையும் அவருடைய மனைவி சரசக்காவும் துணுக்காய்ப் பக்கம் இடம்பெயர்ந்து இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரணைமடுக் குளத்துத் தண்ணியை நம்பிக் காடு வெட்டிக் காணி பிடித்தவர். இடம்பெயர்ந்த வருடங்களில் அந்தக் குடும்பம் நிவாரண அரிசியிலும் கோதுமை மாவிலும்தான் சீவித்தது. வரிசையில் நின்று வாங்கின அரிசி. சில நேரம் புழு, சில நேரம் கல். திரும்பி வந்து, வரம்பு கட்டி, மாரி மழைக்கு முதல் காலபோகம் விதைத்து, வெட்டி, சூடடித்து, தங்கள் நெல்லை அவித்துக் குத்தி, தங்கள் அரிசியை உலையில் போட்ட நாளைச் சரசக்கா பிறகு எனக்கு ஒருமுறை சொன்னா: "பிள்ளை, உலை கொதிக்கேக்க அந்த மணம் வந்துது பாருங்கோ, நான் குசினிக்குள்ள இருந்து அழுதனான். இவர் வந்து புகையோ எண்டு கேட்டவர். ஓம் புகைதான் எண்டு சொன்னனான்."

அந்த அரிசி வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில்தான் அவருக்குச் சீனி வருத்தம் என்று எங்கள் கிளினிக்கில் கண்டுபிடித்தோம்.

நாகராசா அண்ணை அதிகம் கதைக்காத மனிதர். சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். குளிசை மருந்தை வாங்கினார். கதவடியில் திரும்பி நின்று எதையும் கேட்கவில்லை. கேள்வி கேட்காத நோயாளியைப் பார்த்தால் நாங்கள் சந்தோசப்படுவோம், "நல்ல மனிசன்" என்போம். பிள்ளைகளே, கேள்வி கேட்கிறவரை விட்டுவிடுங்கள், அவர் எப்படியும் பதிலை வாங்கிக்கொண்டுதான் போவார். தலையாட்டுகிறவரைத்தான் பிடித்து இருத்துங்கள். அவர் பதிலைத் தானே முடிவு பண்ணிவிட்டார்.

அடுத்தடுத்த கிளினிக்குகளில் காலை வெறும் வயிற்றில் எடுத்த அவருடைய இரத்தத்தில் சீனி இறங்கவில்லை. "சாப்பாடு எப்பிடி?" என்று கேட்டால், "எல்லாம் நீங்கள் சொன்னபடிதான் மிஸ்ஸி" என்பார். டொக்டர் குளிசையைக் கூட்டினார். அந்த அளவைப் பார்க்கும் எந்த டொக்டரும் கூட்டித்தான் இருப்பார்.

வாய்க்கால் தண்ணியில் செய்கிற சிறுபோகத்துக்கு வரம்பு வெட்டுகிற நாட்கள். டொக்டர் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். மத்தியானம் தாண்டிய நேரம், வாசலில் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் சத்தம் கேட்டது. பின்பெட்டிக்குள் வைக்கோலின் மேல் நாகராசா அண்ணை கிடந்தார். நாலைந்து ஆண்கள் அவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் ஒரே கதை: "பாம்பு கடிச்சிட்டுது. வரம்பில கிடந்தவர். புடையனாத்தான் இருக்கும்."

கட்டிலில் கிடத்தினோம். கூப்பிட்டால் பதில் இல்லை. வாயில் ஏதோ முனகல். சேர்ட் பிழிந்தெடுக்கலாம் போல நனைந்திருந்தது. கையைத் தொட்டேன், குளிர்ந்துபோய்க் கிடந்தது. அந்த வெயிலில் வேலை செய்துகொண்டிருந்தவரின் கை அப்படிக் குளிராது.

கால் இரண்டையும் விளக்குப் பிடித்துப் பார்த்தோம். வயற்காரரின் கால்தானே, பழைய கீறலும் முள்ளுக் குத்தினதும் நிறையக் கிடந்தன. பல்லுப் பட்ட அடையாளம் என்று எதையும் சொல்ல முடியவில்லை. வீக்கம் இல்லை. ஆனால் அடையாளமே இல்லாமல் கடிக்கிற பாம்பும் எங்கள் பக்கம் உண்டு என்பது உங்களுக்கும் தெரியும். வந்தவர்களில் ஒருவர், "மிஸ்ஸி, இஞ்ச மினக்கடாமல் பெரியாஸ்பத்திரிக்கு ஏத்துவம்" என்றார். இன்னொருவர் விஷகடி வைத்தியரிடம் கொண்டுபோவோம் என்று லாண்ட்மாஸ்டரைத் திருப்பவே போய்விட்டார். எல்லாரும் நல்ல மனிதர்கள். எல்லாருக்கும் பயம்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது: சீனி இறங்கிவிட்டது. ஆனால் இரத்தத்தில் சீனி பார்க்கிற மெசினுக்குப் போடுகிற பட்டி முடிந்துபோயிருந்தது, புதிதாக வரவில்லை. மெசின் அலுமாரிக்குள் சும்மா இருந்தது. எப்படி நிச்சயப்படுத்துவது?

அந்த நேரம் சரசக்கா ஓடி வந்தா. மூச்சு வாங்கியது. நான் அவவைக் கையில் பிடித்து ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "அக்கா, இண்டைக்கு என்ன சாப்பிட்டவர்?"

"காலமை புட்டு. குளிசை போட்டவர். மத்தியானத்துக்கு வழமைபோலச் சோறு கட்டிக் குடுத்தனான் பிள்ளை. கத்தரிக்காய்க் குழம்பும் கீரையும். சாப்பிட்டிருப்பார்தானே."

கட்டிலின் கால்மாட்டில் நின்ற பக்கத்து வயல்காரர் தலையைக் குனிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. அண்ணை மத்தியானச் சோறு சாப்பிடுறேல்ல. கனநாளா அதை என்ர மாட்டுக்குத்தான் வைக்கிறவர். உங்களிட்டச் சொல்ல வேண்டாம் எண்டு சொன்னவர்."

சரசக்கா அவரைப் பார்த்தா. பிறகு கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தா.

எனக்கு அது காணும், வேறு சாட்சி வேண்டாம். இப்படி யோசித்தேன்: பாம்புதான் கடித்திருந்தால், நான் ஏற்றுகிற குளுக்கோஸ் அவரை ஒன்றும் செய்யாது. சீனி இறங்கியிருந்தால், பெரியாஸ்பத்திரிக்குப் போகிற அந்தக் குண்டும் குழியுமான பாதையில் அவருடைய மூளை பட்டினி கிடந்து செத்துப்போகும். இரண்டில் எந்த முடிவு பிழையாய்ப் போனால் கெடுதல் குறைவு என்று பார்த்தால் பதில் தெளிவாக இருந்தது. பதற்றமான நேரத்தில் எனக்கு உதவினது அநேகமாக இந்த ஒரு கணக்குத்தான். நிச்சயம் வரும்வரை காத்திருந்தால் சில வேளை நிச்சயம் மட்டும் வரும், ஆள் இருக்கமாட்டார்.

பாம்பை மறந்துவிடவும் இல்லை. புடையன் கடித்தால் இரத்தம் உறையாது. மற்றத் தாதி ஒரு குப்பியில் இரத்தம் எடுத்து, உறைகிறதா என்று பார்க்க மேசையில் வைத்தா. பெரியாஸ்பத்திரிக்கு வாகனம் கேட்டு ஆளும் அனுப்பினோம். நான் நரம்பைத் தேடிப் பிடித்துக் குளுக்கோஸை மெல்ல மெல்ல ஏற்றினேன்.

ஊசி முடிகிறதற்குள் அவருடைய கண்ணிமை அசைந்தது. பிறகு கை. பிறகு கண்ணைத் திறந்து, தன்னைச் சுற்றி நின்ற இத்தனை பேரையும் பார்த்துவிட்டு, "என்ன, மாடு வாய்க்காலுக்குள்ள விழுந்திட்டுதோ?" என்று கேட்டார்.

லாண்ட்மாஸ்டரைத் திருப்பிக்கொண்டிருந்தவர் உள்ளே ஓடி வந்து பார்த்துவிட்டு, சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டார். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தபோது குப்பியில் இரத்தமும் ஒழுங்காக உறைந்திருந்தது.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்கவேண்டும். விழித்த ஆளைப் பார்த்ததும் எல்லாருக்கும் சந்தோசம். அவரே எழும்பி இருந்து, "எனக்கொண்டுமில்லை, வரம்பு அரைவாசியில கிடக்கு" என்று சறத்தைச் சரிசெய்தார். கூட வந்தவர்களும் கூட்டிக்கொண்டு போக ஆயத்தம். ஆனால் அவர் காலையில் போட்ட குளிசை இன்னும் உடம்புக்குள் வேலை செய்துகொண்டிருந்தது. நாங்கள் ஏற்றின குளுக்கோஸ் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். போகிற வழியில் மறுபடியும் விழுந்தால் யார் பார்ப்பார்கள்?

"அண்ணை, இண்டைக்கு நீங்கள் இஞ்சதான். நாளைக்கும் பாத்துத்தான் விடுவன்" என்றேன். "இப்ப வயிறு நிறையச் சாப்பிட வேணும்."

ஆஸ்பத்திரிக் குசினியில் என்ன இருக்கும்? சோறும் பருப்பும் கத்தரிக்காயும்தான் இருந்தன. கோப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அவர் கோப்பையைப் பார்த்தார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சோறு வேண்டாம் மிஸ்ஸி."

"வேற ஒண்டும் இல்லை அண்ணை. சாப்பிடத்தான் வேணும்."

"வேண்டாம்."

ஏன் என்று கேட்டேன். இன்னொரு முறை கேட்காமல், கட்டிலடியில் கதிரையைப் போட்டு இருந்தேன். சனம் வெளியே போய்விட்டது. அவருக்குச் சேலைன் சொட்டிக்கொண்டிருந்தது. நான் எழும்பிப் போகமாட்டேன் என்று தெரிந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"துணுக்காயில என்ர அண்ணன் இருக்கிறார். அவருக்கு ஒரு கால் இல்லை. பாக்கிற சனம் கண்ணிவெடி எண்டு நினைக்கும். வெடியில்லை மிஸ்ஸி, சீனி. காலில ஒரு சின்னப் புண். அது மாறாமல் மாறாமல் போய் முழங்காலுக்குக் கீழ எடுத்தவை. எடுத்த டொக்டர் சொன்னவராம், சோத்தைத் திண்டு திண்டுதான் இந்த நிலைமை எண்டு. அண்ணை இப்ப வாசல்ல இருந்து மற்ற ஆக்கள் வயலுக்குப் போறதைப் பாத்துக்கொண்டிருக்கிறார்." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கு இரண்டு காலும் வேணும். வயல் செய்யிறவனுக்குக் கால்தானே மிஸ்ஸி எல்லாம்."

"அப்ப ஏன் அக்காவிட்டச் சொல்லாமல் விட்டனீங்கள்?"

"எப்பிடிச் சொல்லுறது?" என்றார். "எத்தினை வருசம் வரிசையில நிண்டு வாங்கின அரிசியை அவிச்சவள். இப்பத்தான் சொந்த அரிசி. காலமை எழும்பி அதைக் கட்டித் தரேக்க அவளின்ர முகத்தைப் பாத்தா, வேண்டாம் எண்டு சொல்ல ஏலுமோ?"

சரசக்கா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. நான் அவவைப் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் உள்ளே வந்தா. என் கையிலிருந்த கோப்பையை வாங்கினா. கட்டில் விளிம்பில் இருந்து, பருப்பை விட்டுச் சோற்றைக் குழைக்கத் தொடங்கினா. குழைத்துக்கொண்டே கதைத்தா. குரல் உயரவேயில்லை.

"நான் நினைச்சன், என்ர சமையல் உங்களுக்குப் பிடிக்கேல்லை எண்டு. இரவைக்குச் சோறு வேண்டாம், புட்டு அவி எண்டு சொன்னனீங்கள். நானும் அவிச்சன். மெலிஞ்சு போறியள் எண்டு இன்னும் கொஞ்சம் கூடக் கட்டித் தந்தன். அவற்ற மாடு நல்லாக் கொழுத்திருக்கும்."

அவர் சொட்டுகிற சேலைனைப் பார்த்தார்.

"காலைக் காப்பாத்த எண்டு ஆளையே குடுக்கப் பாத்தீங்கள்" என்றா சரசக்கா. "கால் மட்டும் மிஞ்சினா அதை வச்சு நான் என்ன செய்யிறது? சொல்லுங்கோ. வயலுக்கு அனுப்புறதோ?"

அவருடைய வாய் ஓரத்தில் சிரிப்பு வந்ததை நான் கண்டேன். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தச் சிரிப்பில் வாய் திறந்த நேரம் சரசக்கா முதல் பிடிச் சோற்றை வைத்துவிட்டா. அவர் மெல்ல மென்றார். கண் நிறைந்துவிட்டது. இரண்டாவது பிடிக்குத் தானே வாயைத் திறந்தார்.

நான் எழும்பி வெளியே வந்து, மருந்துத் தட்டுகளைத் தேவையில்லாமல் ஒருமுறை அடுக்கினேன்.

பின்னேரம் டொக்டர் வந்தார். வயதில் எங்கள் எல்லாரையும்விடச் சின்னவர், வன்னிக்கு விரும்பி வந்தவர். நடந்ததைச் சொன்னேன். அவர் கதிரையை இழுத்து நாகராசா அண்ணைக்குப் பக்கத்தில் போட்டு, "நேற்றுக் காலமை என்ன சாப்பிட்டனீங்கள்? எவ்வளவு?" என்று தொடங்கினார். பத்தியமாக இருக்கிறீர்களா, சொன்னபடி சாப்பிடுகிறீர்களா என்றெல்லாம் கேட்கவில்லை. நேற்றுக் காலை, நேற்று மத்தியானம், நேற்று இரவு, அவ்வளவுதான். எல்லாம் வெளியே வந்தது. காலையில் கோதுமை மாப் புட்டு, அவிக்கிற நீற்றுப்பெட்டி ஒன்று நிறைய. மத்தியானம் வெறும் தேத்தண்ணி. பகல் முழுக்கப் பசி கிடந்ததால் இரவில் மறுபடியும் புட்டு, அல்லது மா ரொட்டி, வயிறு முட்ட. சோறு இல்லைத்தானே என்ற தைரியம். அந்த இரவுச் சாப்பாட்டின் சீனிதான் காலையில் எங்கள் பரிசோதனையில் தெரிந்தது. அதைப் பார்த்துக் கூட்டின குளிசைதான், மத்தியானம் வெறும் வயிற்றோடு மண்வெட்டி பிடித்தவரைச் சாய்த்தது.

டொக்டர் குளிசையைக் குறைத்தார். என்னிடம் சொன்னார்: "மிஸ்ஸி, இனி அளவைப் பாக்க முந்திக் கோப்பையைப் பாப்பம்." அவர் இப்போது எங்கேயோ வெளிநாட்டில். அவர் சொல்லித் தந்த எத்தனையோ விஷயத்தில் எனக்கு இன்றுவரை உதவுவது அதுதான்.

அடுத்த கிழமை எனக்கு ஓய்வு நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு முரசுமோட்டைக்குப் போனேன். வார்ட்டில் வைத்துச் சொன்னதெல்லாம் வீட்டுக் குசினிக்குள் என்னவாகிறது என்று பார்க்க ஆசை. சரசக்கா என்னைக் குசினிக்குள்ளேயே கூப்பிட்டு இருத்தினா. சட்டிக்குள் சோறு, தவிடு போகாமல் குத்தின மொட்டைக்கறுப்பன் அரிசி, செம்மை ஓடிக் கிடந்தது.

"இது சிவப்பரிசிதானே பிள்ளை. இது எவ்வளவும் சாப்பிடலாமாமே?"

"நல்ல அரிசிதான் அக்கா. தவிடு இருக்கிறபடியால் சீனி மெல்லத்தான் ஏறும். ஆனா ஏறும். அளவு அளவுதான்."

"மாவுக்கும் அளவோ? அது சோறில்லையே."

"வயித்துக்குள்ள போனா இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளையள்தான்."

அதற்குப் பிறகு நடந்தது ஒரு பேரம். நான் கோப்பையில் இரண்டு அகப்பை சோறு வைத்தேன். அவ அதைப் பார்த்துவிட்டு, "இது மனிசனுக்கோ, காகத்துக்கோ?" என்று கேட்டா. மூன்று என்றா. நான் இரண்டில் நின்றேன். "அப்ப வயலுக்குப் போற நாளில?" என்று கேட்டா. அது நியாயமான கேள்வி. நாள் முழுக்க மண்வெட்டி பிடிக்கிறவருக்கும் கதிரையில் இருக்கிறவருக்கும் ஒரே கோப்பை சரிவராது. வயலுக்குப் போகிற நாளில் மூன்று, வீட்டில் இருக்கிற நாளில் இரண்டு என்று முடிவாயிற்று. மிச்ச இடத்தை என்ன செய்வது? வேலியில் முருங்கை நின்றது, வாய்க்காலோரம் வல்லாரையும் பொன்னாங்காணியும் கிடந்தன, பயறு அவர்களே விதைத்திருந்தார்கள், குளத்து மீன் கிடைத்தது. நான் வைக்க வைக்கக் கோப்பை நிறைந்துகொண்டு வந்தது. சரசக்கா கடைசியில், "கோப்பை நிறைஞ்சுதானே கிடக்கு" என்றா, கொஞ்சம் ஏமாற்றத்தோடு. சண்டை பிடிக்க வேறு காரணம் அகப்படவில்லை.

"மூண்டு நேரமும் நேரத்துக்குச் சாப்பிட வேணும்" என்று மட்டும் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். "குளிசை போட்டா மத்தியானச் சாப்பாட்டை விடக்கூடாது. மாட்டுக்கு வைக்கோல் இருக்கு."

வாசலில் இருந்த நாகராசா அண்ணை அதைக் கேட்டு இருமினார்.

அவருடைய சீனி உடனே சரிவந்துவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. ஏறும், இறங்கும். கோயில் திருவிழா, கலியாண வீடு என்று போனால் ஏறும். ஆனால் அவர் மறைக்கிறதை விட்டுவிட்டார். கிளினிக்குக்கு வந்து, "மிஸ்ஸி, ஞாயிற்றுக்கிழமை நாலு அகப்பை" என்று தானே சொல்லுவார். சொல்லுகிற நோயாளியை வைத்துக்கொண்டு எதையும் செய்யலாம். அவர் தன் தமையனையும் துணுக்காயிலிருந்து கிளினிக்குக்குக் கூட்டிவந்து காட்டினார். மற்றக் காலில் இருந்த ஒரு வெடிப்பை நாங்கள் நேரத்தோடு பார்த்து மருந்து கட்டினோம். அந்தக் கால் தப்பியது.

இனிச் சோறு சாப்பிடலாமோ என்ற கேள்விக்கு வருகிறேன். சாப்பிடலாம். தினமும் சாப்பிடலாம். எங்கள் சனம் தலைமுறை தலைமுறையாய்ச் சாப்பிட்டுக்கொண்டு வயல் செய்த சாப்பாடு அது. ஆனால் எவ்வளவு, எதோடு, எந்த நேரம், அந்த ஆள் அன்று என்ன வேலை செய்யப்போகிறார், என்ன குளிசை போடுகிறார் என்று கேட்காமல் அந்த "சாப்பிடலாம்" என்ற சொல்லை நீங்கள் கொடுக்கக்கூடாது. "கூடாது" என்ற சொல்லை அதைவிடக் கவனமாகக் கொடுங்கள். ஒரு டொக்டர் துணுக்காயில் இருந்த அந்தத் தமையனுக்குச் சொன்ன ஒரு வசனம், முரசுமோட்டையில் ஒரு மனிதனை வரம்பில் விழுத்தியது. அந்த டொக்டர் நல்லதை நினைத்துத்தான் சொல்லியிருப்பார். தான் சொன்ன சொல் எத்தனை கட்டை தூரம் நடந்து போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

பிறகு வந்த காலம் உங்களில் பலருக்கும் தெரியும். மறுபடியும் சண்டை தொடங்கி, முரசுமோட்டையும் வெறுமையாகி, எல்லாரும் கிழக்கே நகர்ந்து நகர்ந்து போனோம். அப்போது கோப்பையில் எவ்வளவு என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கிடைத்தது கஞ்சி. சீனி வருத்தக்காரருக்கும் அதைத்தான் ஊற்றினோம், குடியுங்கோ என்று கெஞ்சினோம். சண்டை முடிந்து, முகாமிலிருந்து வெளியே வந்தபிறகு நெளுக்குளத்தில் ஒரு கடை வாசலில் சரசக்காவைக் கண்டேன். அவவும் நாகராசா அண்ணையும் உயிரோடு இருந்தார்கள். அவ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றா.

இன்னொன்று சொல்ல இருக்கிறது. அது அதற்கெல்லாம் முந்தி நடந்தது, நாகராசா அண்ணை விழுந்த அந்தச் சிறுபோகத்துக்கு அடுத்த காலபோகம். நெல் வெட்டி முடிந்து, புது அரிசியை முதன்முதல் சமைத்துச் சாப்பிடுகிற புதிர் நாள் அன்று என்னையும் டொக்டரையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். டொக்டருக்கு வார்ட்டை விட்டு வர முடியவில்லை. நான் போனேன். காலையிலிருந்து கிளினிக்கில் நின்று, தேத்தண்ணியைத் தவிர ஒன்றும் வயிற்றுக்குள் போகாத நாள். பாயை விரித்துக் கோப்பைகளை வைத்தார்கள். சரசக்கா நாகராசா அண்ணைக்கு இரண்டு அகப்பை வைத்தா, விளிம்பில் ஒட்டினதைக்கூடத் தட்டிச் சட்டிக்குள் போட்டா. எனக்கு வைக்க வந்தபோது, "காணும் அக்கா" என்று நான் இரண்டு முறை சொன்னேன், ஆனால் கையை நீட்டி மறிக்கவில்லை. மூன்று அகப்பை விழுந்துவிட்டது. புது அரிசி மணம், பசி, விரால் மீன் குழம்பு. குழைத்து முதல் பிடியை எடுக்கப் போனேன்.

நாகராசா அண்ணை தன் கோப்பையைப் பார்த்தார். என் கோப்பையைப் பார்த்தார். மிக மரியாதையாகத் தொண்டையைச் செருமினார்.

"மிஸ்ஸி, குறை நினைக்காதேங்கோ. இண்டைக்கு நீங்கள் வயலுக்குப் போறியளோ?"

நான் பிடித்த பிடி கையிலேயே நின்றது. சரசக்கா அகப்பையோடு திரும்பி நின்று என்னைப் பார்த்தா, அவரைப் பார்த்தா, சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டா. நான் குழைக்காத பக்கத்திலிருந்த சோற்றை அவவின் அகப்பைக்குள் தள்ளினேன். அவ அதைச் சட்டிக்குள் போட்டுவிட்டு, என் கோப்பையில் ஒழிந்த இடத்தில் முருங்கையிலை வறையை நிறைய வைத்தா. நாகராசா அண்ணை தலையாட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.